கப்பலில் வந்த சாரமும் ஆணியில் தொங்கிய களிசானும்

சாரம் என்ற சொல் கப்பலில் வந்தது. இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் பஸ் பலகையும் சுவரொட்டியும்தான். திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்களைக் கூட்டித் துடைக்கும் கூலி வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் ஓர் இந்தோனேசியக் கப்பற்காரன் மேல்தளத்தில் நின்று என் இடுப்பைக் காட்டிச் சிரித்தான். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டியிருந்தேன். கேலி செய்கிறான் என்று நினைத்து நல்ல தமிழில் நாலு வார்த்தை திட்டினேன். அவன் கோபிக்கவில்லை. உள்ளே ஓடிப்போய்த் தன்னுடைய சாரத்தை எடுத்து வந்து, போட்டிருந்த களிசானுக்கு, அதுதான் நீளக் காற்சட்டைக்கு, மேலேயே அதை மாட்டிக்கொண்டு, "சாருங், சாருங்" என்றான். நான் "சாரம்" என்றேன். மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

பிறகு கையுறையைக் கழற்றிக் காட்டினான். அதுவும் சாருங். இடுப்பிலிருந்த கத்தியை உருவி, கத்தியை விட்டுவிட்டு உறையைத் தட்டிக் காட்டினான். அதுவும் சாருங். இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோல் நடித்து, தலையணைக்கு உறை போடுவதையும் காட்டினான். அப்படித்தான் எனக்கு விளங்கியது. சாரம் என்றால் உறை. கத்திக்கு ஒன்று, கைக்கு ஒன்று, தலையணைக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று.

அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்து இறக்கியவர்கள் மலாய் மாலுமிகளோ வியாபாரிகளோ, எனக்குத் தெரியாது. வந்தது, எங்கள் வாயில் விழுந்து சாரம் ஆனது. சிங்களவர் சரம என்கிறார்கள். முஸ்லிம்கள் பலர் சாரன் என்கிறார்கள். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு ஓடிப்போய்க் கட்டட வேலை செய்தபோது, அங்கே கைலி என்றார்கள், லுங்கி என்றார்கள். சாரம் என்று நான் கேட்டால் மேஸ்திரி மேலே கட்டியிருந்த மூங்கிலைக் காட்டினார். அங்கே கட்டடத்துக்கு வெளியே கட்டும் மூங்கில் தட்டுக்குத்தான் அந்தப் பெயர். "உங்க ஊர்ல இதையா இடுப்புல கட்டுறீங்க?" என்று கேட்டுச் சித்தாள்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது வேறு சிரிப்பு. அதில் வலி இல்லை.

இந்த உறைக்குள் நான் எத்தனையோ இடங்களில் படுத்திருக்கிறேன். பஸ் நிலையத்துச் சீமெந்து, முகாம் மண்டபம், ஆற்று மணல். தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டால் நுளம்பு கடிக்காது. காய்ச்சலில் போர்வை அதுதான். கிணற்றடியில் உடுப்பு மாற்ற மறைப்பு அதுதான். ஒருமுறை செல் குண்டு விழுந்து கால் போன ஒருவரை இரண்டு சாரத்துக்குள் இரண்டு கம்பைச் செருகித் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவரைத் தூக்கிய சாரத்தைக் கழுவி மறுநாள் நானே கட்டினேன். வேறு இருக்கவில்லை. இதைச் சோகமாகச் சொல்லவில்லை. சாரம் எதற்கெல்லாம் உதவும் என்று சொல்கிறேன்.

சாரத்துக்கு ஒரு மரியாதையும் உண்டு. கட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த மரியாதை. வேலைக்கும் சண்டைக்கும் மடித்துக் கட்டுவோம். பெரியவர் ஒருவர் எதிரே வந்தால், கோயில் வாசலைக் கடந்தால், செத்த வீட்டுக்குள் நுழைந்தால், கை தானாக மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிடும். யாரும் சொல்லித் தருவதில்லை. இறக்காமல் நிற்கிறவனைப் பார்த்து, "உவன் ஆரடா?" என்று கேட்பார்கள். இறக்கினால் அதுவே வணக்கம்.

அந்த வணக்கத்தைத்தான் ஒரு கந்தோர் வாசலில், ஓர் அரசாங்க அலுவலக வாசலில், கணக்கில் எடுக்கவில்லை. அதனால் ஒரு கரையே போயிற்று. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சொல்லைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

வெருகலுக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு கரைவலைச் சம்மாட்டியிடம் நான் சில பருவங்களாகக் கயிறு இழுத்துவந்தேன். சம்மாட்டி என்றால் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். பெரிய முதலாளி என்று நினைக்க வேண்டாம். அவரும் எங்களோடு இழுப்பார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். தோணியில் கொண்டுபோய் விட்டுக் கரையில் நின்று இழுக்கும் கரைவலையை நினைத்த இடத்தில் போட முடியாது. ஒவ்வொரு வலைக்கும் ஒரு துண்டுக் கரை உண்டு. அதைப் பாடு என்போம். அவருடைய பாடு ஒரு கரும்பாறையிலிருந்து ஒரு பனைக்கூடல்வரை. அவருடைய அப்பாவும் அங்கேதான் வலை வளைத்தார். அந்தப் பாட்டை நம்பிப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது. நான் குடும்பம் இல்லாதவன். நானும் அதை நம்பித்தான் இருந்தேன்.

பாட்டுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் ஒரு ஹோட்டல் எழும்பியது. முதலில் வேலி வந்தது. பிறகு வெள்ளைக்காரர் படுக்கும் சாய்வுக் கதிரைகள் வந்தன. பிறகு, எங்கள் வலையும் மீன் மணமும் தங்கள் விருந்தினருக்கு இடைஞ்சல் என்று முறைப்பாடு வந்தது. மாசி மாதம், பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, திருகோணமலை நகரத்தில் விசாரணைக்கு வரும்படி சம்மாட்டிக்கு அழைப்பு வந்தது. பாடு யாருக்கு என்பதை அங்கே கேட்டு முடிவு செய்வார்கள். அவ்வளவுதான் விஷயம்.

சம்மாட்டி அந்த விசாரணைக்குப் புதுச் சாரம் ஒன்று வாங்கினார். நீலத்தில் வெள்ளைக் கோடு. அவருடைய மனைவி முதல் நாள் இரண்டு முனைகளையும் சேர்த்து மூட்டித் தைத்துக் கொடுத்தார். தீபாவளிக்குக்கூட அவர் பழையதைத் தோய்த்துக் கட்டுகிற மனிதர். வெள்ளைச் சட்டை, கடையில் மடித்த மடிப்பு அழியாத சாரம், தலையில் எண்ணெய். பஸ்ஸில் உட்கார்ந்தால் கசங்கும் என்று நகரம்வரை நின்றே வந்தார். எனக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். நானும் சாரத்தோடுதான் துணைக்குப் போனேன்.

கந்தோர் வாசலில் ஒரு காவல்காரர். என் வயது இருக்கும். சம்மாட்டி தூரத்திலேயே சாரத்தைக் கணுக்கால்வரை இழுத்து நேராக்கிக்கொண்டார்.

"ஐயா, உள்ளுக்குப் போகேலாது" என்றார் காவல்காரர்.

"எனக்கு விசாரணை தம்பி. பத்து மணிக்கு வரச் சொன்னவை."

"விசாரணை இருக்கட்டும் ஐயா. சாரத்தோட விடேலாது."

"புதுச் சாரம்" என்றார் சம்மாட்டி. "இண்டைக்குத்தான் கட்டினனான். அழுக்கில்ல, பாருங்கோ." குனிந்து சாரத்தின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

அந்த இடத்தில்தான் எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. அவர் அழுக்கைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அழுக்கில்லை என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார்.

நான் முன்னால் போனேன். "எங்க எழுதியிருக்கு சாரம் ஏலாது எண்டு?"

காவல்காரர் பலகையைக் காட்டினார். 'தகுந்த உடையில் வரவும்' என்று மூன்று மொழியிலும் இருந்தது.

"இதில சாரம் எங்க கிடக்கு?"

"தகுந்த எண்டால் என்னெண்டு எனக்குச் சொல்லித் தந்திருக்கினம்."

"நீங்கள் வீட்ட என்ன கட்டுறனீங்கள்?"

"வீட்ட சாரம்தான். வீடு கந்தோர் இல்லையே அண்ணை."

முன் மண்டபம் திறந்திருந்தது. உள்ளே சுவரில் பெரிய மனிதர் ஒருவரின் படம் தொங்கியது. நீண்ட வெள்ளைச் சட்டை, கீழே வெள்ளைச் சாரம். நான் விரலை நீட்டினேன். "அப்ப அவர் எப்பிடி உள்ளுக்குப் போனவர்?"

"அது தேசிய உடுப்பு."

"வெள்ளை எண்டா தேசியம், கோடு போட்டா ஆகாதோ?"

"என்னோட கத்திப் பிரயோசனம் இல்ல. முன்கடைக்குப் போங்கோ. அந்த அக்கா களிசான் தருவா. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவருக்குச் சொல்லித் தந்தவர்மேல் இருக்கிறது. அவர் யாரென்று தெரியாது. யாரென்று தெரியாத ஒருவர்மேல் வரும் கோபம் ஆறவே ஆறாது.

சொற்களைப் பற்றி ஒரு பழைய வாத்தியார் எனக்கு மூதூர் பஸ்ஸில் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. களிசான் போர்த்துக்கேயனுடைய சொல்லாம். கந்தோர் ஒல்லாந்தனுடையதாம். ஆக, ஒல்லாந்தன் சொல்லுக்குள் நுழைய வேண்டுமென்றால் போர்த்துக்கேயன் சொல்லை மாட்டிக்கொண்டு வா, மலாய்க்காரன் சொல்லோடு வராதே என்கிறார்கள். மூன்றும் ஒரே துறைமுகத்துக்கு வந்த கப்பல் சாமான்தான். இரண்டு பேர் துவக்கும் பீரங்கியுமாக வந்தார்கள். மூன்றாமவன் சும்மா வந்தான். துவக்கோடு வந்ததற்குத்தான் இன்னும் மரியாதை.

முன்கடை ஒரு தேநீர்க் கடை. நடத்துகிற அக்கா எங்களைக் கண்டதும் தேநீரா என்று கேட்கவில்லை. இடுப்பைப் பார்த்து, "சாரமோ?" என்றார். கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. ஆணி வெறுமையாக இருந்தது.

"களிசான் உள்ளுக்குப் போயிட்டுது" என்றார். "தம்பலகாமத்து ஆள் ஒராள் போட்டுக்கொண்டு போனவர். யானை வீட்டை உடைச்சுப் போட்டுதாம். இருங்கோ, வந்திடுவார்."

"ஒண்டுதானே அக்கா இருக்கு?"

"ரெண்டு இருந்தது தம்பி. மற்றதைப் போட்டவன் அப்பிடியே பஸ் ஏறிட்டான். அவன்ர சாரம் கனகாலம் இஞ்ச கிடந்தது. இப்ப அடுப்படித் துணி." கேத்தலைத் தூக்கினார். "உள்ளுக்குப் போன களிசான் என்ர மனிசன்ர. கட்டாருக்கு வேலைக்குப் போகேக்க பழசெண்டு விட்டிட்டுப் போனவர். ஆள் இன்னும் வந்து சேரேல்ல. களிசான்தான் நாள்தோறும் கந்தோருக்குப் போய் வருது. அரசாங்கம் அதுக்குப் பென்சன் குடுக்க வேணும்."

சம்மாட்டி சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி வாங்குப் பலகையின் விளிம்பில் உட்கார்ந்தார். முழுதாக உட்கார்ந்தால் சாரம் கசங்கும் என்ற எண்ணம் அப்போதும் விடவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே ஹோட்டல்காரருடைய வாகனம் வந்தது. காவல்காரர் ஓடிப்போய் வாசலை அகலத் திறந்தார். வாகனம் உள்ளே போய் நின்றதும் ஹோட்டலை நடத்தும் முகாமையாளர் இறங்கினார். முக்கால் காற்சட்டை. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெளியே. காலுக்குச் செருப்பு. அப்படியே படியேறினார். வாகனத்தில் வந்தால் எந்த உடுப்பும் தகுந்ததுதான் போலும்.

நான் எழுந்து சம்மாட்டியைப் பார்த்துக் கத்தினேன். "பாருங்கோ அண்ணை! அவன்ர காலைப் பாருங்கோ!"

"விடடா தம்பி" என்றார் சம்மாட்டி. "எங்கட விஷயத்தைப் பாப்பம்."

எப்படி விடுவது? அதே ஹோட்டலில் சாப்பாடு பரிமாறும் பொடியன்களுக்குச் சாரம்தான் கட்டிவிட்டிருக்கிறார்கள். அரக்கு நிறம், இடுப்பில் ஒரு பட்டி. வெள்ளைக்காரருக்கு அது அழகாக இருக்கிறதாம். வாசலில் ஒரு சின்னக் கடையில் அதே துணியை மடித்து அடுக்கி 'சரோங்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரிகள் வாங்கி நெஞ்சில் கட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்கிறார்கள். நடக்கட்டும், நல்ல துணிதான். ஆனால் தட்டுத் தூக்கினால் அது அழகு, படுத்திருந்தால் அது விடுமுறை, உரிமை கேட்டுக்கொண்டு வந்தால் மட்டும் அது தகாத உடுப்பு.

பத்து மணி தாண்டிய பிறகுதான் தம்பலகாமத்துக்காரர் வந்தார். மெலிந்த, நெட்டையான மனிதர். களிசான் அவருக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. "மன்னியுங்கோ, காத்துக்கொண்டு நிண்டனீங்களோ?" என்று கேட்டபடி கடைக்குப் பின்னால் போனார். அங்கே அவர் தன் சாரத்தைத் தலைவழியாகப் போட்டு, சாரத்துக்குள்ளேயே களிசானைக் கழற்றினார். சம்மாட்டி தன் சாரத்துக்குள்ளேயே அதை மாட்டினார். களிசான் மாற்றுவதற்கும் சாரம்தான் வேண்டியிருந்தது.

"அண்ணைக்கு விசாரணை நல்லா நடந்ததே?" என்று நான் கேட்டேன்.

"யானை வந்த கதையைச் சொல்லப் போனனான் தம்பி. யானை என்ன உடுத்துக்கொண்டு வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அதுக்கு எங்கயும் போகலாம்" என்றார்.

களிசான் சம்மாட்டிக்குப் பொருந்தவில்லை. வாழ்நாள் முழுவதும் இடுப்பில் கயிறு போட்டு வலை இழுத்த உடம்பு, அதற்கு மேலே வயிறு. கொழுக்கி இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன, தொடவில்லை. பட்டி கோக்கும் வளையங்கள் எப்போதோ பிய்ந்துபோயிருந்தன. அக்கா சாக்குக் கயிறு ஒன்று தந்தார். கட்டினோம். வயிற்றுக்குக் கீழே வழுகிப் போனது. மறுபடி கட்டினோம். மறுபடி வழுகியது. சட்டையை வெளியே விட்டு மறைத்தோம்.

"கையால பிடிச்சுக்கொண்டு போங்கோ ஐயா" என்றார் அக்கா. "எல்லாரும் அப்பிடித்தான் போறவை."

சம்மாட்டி இரண்டு பக்கமும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். காவல்காரர் விட்டார். என்னை விடவில்லை, எனக்குக் களிசான் இல்லை. நான் அவருடைய புதுச் சாரத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றேன். அது இன்னும் அவருடைய உடம்புச் சூட்டோடு இருந்தது.

அவர் சீக்கிரம் வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் வரக்கூடாது. கடையில் களிசானைக் கழற்றி ஆணியில் மாட்டி, சாரத்தைக் கட்டி, அக்காவுக்கு நன்றி சொன்னார். உள்ளே என்ன நடந்தது என்று நான் இரண்டு தடவை கேட்டேன். பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டிய பிறகுதான் சொன்னார்.

உள்ளே கதிரை தந்தார்களாம். உட்கார்ந்தால் களிசான் பின்னால் பிரியும் என்று நின்றாராம். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் ஹோட்டல்காரர் கதிரையில். உங்கள் பாடு எங்கிருந்து எதுவரை என்று அதிகாரி கேட்டாராம். சம்மாட்டியின் பேச்சு கையில் இருக்கிறது. கரையில் நின்றால் அவர் கையை நீட்டிக் காட்டுவதைப் பார்த்துத்தான் தோணிக்காரர் வலையை விடுவார்கள். அன்றைக்கு இரண்டு கையும் இடுப்பில். ஒரு கையை எடுத்துப் பாறை இருக்கும் பக்கத்தைக் காட்டினாராம். களிசான் ஒரு பக்கம் இறங்கியது. அங்கே குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயைப் பொத்தினாராம். கையைத் திரும்பக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாராம்.

"அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் கேக்கேல்ல தம்பி" என்றார். "வெளிய போனாப் போதும் எண்டு இருந்தது. அவர் கேட்டார், நான் ஓம் எண்டனான். பிறகும் கேட்டார், பிறகும் ஓம் எண்டனான்."

"என்னத்துக்கு ஓம் எண்டனீங்கள்?"

"வெள்ளைக்காரர் வராத மாதத்தில மட்டும் வலை வளைப்பீங்களோ எண்டு கேட்டவர்."

நான் பஸ்ஸுக்குள் எழுந்து நின்றுவிட்டேன். கடல் தெரிந்தவர்களுக்கு விளங்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில்தான் வெள்ளைக்காரர் வருவார்கள். அதே மாதங்களில்தான் கரைவலை வளைக்கலாம். அவர்கள் வராத மாதம் வாடைக் காற்று எழும்பும் மாதம். அப்போது தோணியை இறக்கினால் தோணி திரும்பாது. அந்த ஓமுக்கு அர்த்தம், இனிமேல் வளைக்க மாட்டேன் என்பது. புயலுக்குள் சிக்கி மீண்டவர், வெள்ளத்தில் அள்ளுண்டு போன தோணியை நீந்திப் பிடித்தவர், எங்கள் சம்மாட்டி, ஒரு கொழுக்கி பூட்டாததால் தன் அப்பாவின் கரையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

நடத்துநர், "அண்ணை, இருங்கோ, விழப்போறீங்கள்" என்றார். நான் அவரையும் திட்டினேன்.

கரையில் எல்லாரும் காத்திருந்தார்கள். சம்மாட்டி கதையை மறைக்கவில்லை. களிசானையும் சொன்னார், ஓமையும் சொன்னார். பிறகு தோணித் துடுப்புக்காரன், அவருடைய மச்சான் முறை, வாயைத் திறந்தான்.

"கடலைக் கேட்டிருந்தாலும் ஓம் எண்டிருப்பியள் போல."

"ஓமடா" என்றார் சம்மாட்டி.

"அவிழ்ந்து விழ விட்டிருக்கலாமே அத்தான். விழுந்தால் என்ன? அவங்கள் காணாததே?"

"நீ போயிருந்தா விட்டிருப்பியே?"

இன்றைக்கும் நான் அதை யோசித்துப் பார்க்கிறேன். சாரம் அவிழ்ந்தால் பிடிக்க எங்களுக்குக் கை தெரியும். ஓடும்போதும், குடித்திருக்கும்போதும், தூக்கத்திலும் தெரியும். மற்றவன் களிசான் அவிழ்ந்தால் பிடிக்கத்தான் தெரியவில்லை.

சம்மாட்டியின் மனைவிதான் சொன்னார்: "திரும்பப் போங்கோ. ஓம் எண்ட வாயால இல்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. நாங்களும் வாறம்."

அடுத்த கிழமை போனோம். ஆணும் பெண்ணுமாக ஒரு பஸ்ஸில் பாதி நாங்கள்தான். ஆண்கள் எல்லாரும் சாரம். கடைக்கார அக்கா வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்து, "ஐயோ, என்னட்ட ஒரு களிசான்தானே இருக்கு!" என்று நெஞ்சில் கை வைத்தார். வேண்டாம் என்றோம். காவல்காரர் வாசலைச் சாத்தினார். நாங்கள் உள்ளே போகக் கேட்கவில்லை. வாசலுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்தோம். பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்த அதிகாரி வாகனத்தில் வெளியே வந்தார். சம்மாட்டி எழுந்து சாரத்தை இறக்கிவிட்டு வாகனத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடி இறங்கியது.

"ஐயா, என்ர பாட்டை நான் விட்டுக் குடுக்கேல்ல."

"நீங்கள்தானே ஓம் எண்டு சொன்னீங்கள்" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. உண்மையிலேயே விளங்காத குரல். "எல்லாருக்கும் முன்னால சொன்னீங்கள்."

"அண்டைக்கு ஓம் எண்டது உங்கட களிசான் ஐயா. அதைக் கூப்பிட்டு விசாரியுங்கோ. நான் இண்டைக்குத்தான் வந்தனான்."

பெண்கள் சிரித்தார்கள். காவல்காரரும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்தார். பிறகு சம்மாட்டி சொல்லத் தொடங்கினார். தெருவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, பாறை இங்கே, பனைக்கூடல் அங்கே, தோணி இப்படிப் போகும், வலையின் மடி இப்படி வரும், வாடையில் அலை இப்படி எழும்பும் என்று காட்டினார். பின்னால் முச்சக்கர வண்டிகள் ஹோர்ன் அடித்தன. அவர் நிறுத்தவில்லை. நான் அவர் பேசிக் கேட்டதில் அதுதான் நல்ல பேச்சு. உள்ளே, மேசைக்கு முன்னால், இதில் பாதியைப் பேசியிருந்தால் போதும்.

அதிகாரி முழுவதும் கேட்டார். கேட்கவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். முடிந்ததும், "விளங்குது ஐயா. ஆனா முடிவு எழுதி அனுப்பியாச்சு. அடுத்த வருஷம் திரும்ப ஒருக்கா வாங்கோ" என்றார். கொஞ்சம் யோசித்து, "வரேக்க உடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கொண்டு வாங்கோ, உங்களுக்குத்தான் நல்லது" என்றும் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்த நல்லெண்ணத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்க வருகிறது. கெட்ட மனிதன் ஒருவன் எங்களை அடித்து விரட்டியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பங்குனியில் கடல் அடங்கியது. எங்கள் பாட்டில் ஹோட்டல்காரர் கதிரைகள் போட்டார்கள். எங்கள் வலையைத் தென்னை மரத்தடியில் சுருட்டி வைத்திருக்கிறோம். வலையை விற்கச் சொன்னார்கள், சம்மாட்டி விற்கவில்லை. துடுப்புக்காரன் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். நான் வழக்கப்படி இதற்குள் வேறு ஊர் போயிருக்க வேண்டும். என் கால் ஓரிடத்தில் நிற்காத கால். இந்த முறை போகவில்லை. அடுத்த மாசிக்கு இவரோடு நான் போக வேண்டும்.

இப்போது நாங்கள் தெற்கே வேறொரு சம்மாட்டியின் பாட்டில் கூலிக்கு இழுக்கிறோம். எங்கள் சம்மாட்டியும் இழுக்கிறார். சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டி, கயிற்றில் எனக்குப் பின்னால் நிற்கிறார். நேற்று வலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. தோணிக்காரனைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்த வேண்டிய நேரம். எனக்குப் பின்னால் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. கத்துவார் என்று திரும்பிப் பார்த்தேன். கையை நீட்டியிருந்தார். பிறகு அது தன் கரை இல்லை என்று நினைவு வந்து, கையை மடக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மீன் பாதி வெளியே போனது. நாங்கள் இழுத்தோம்.